ஆக்ராய்ட் குடும்பச் சுருள்: 61 பவுண்டு 45 பென்ஸுக்கு என்ன கிடைத்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபிரேம் நல்ல ஃபிரேம். மரம் கனமாக இருக்கிறது, கண்ணாடி வழியில் உடையவில்லை, பின்னால் மாட்டுவதற்குக் கொக்கியும் வைத்திருக்கிறார்கள். என் சண்டை எல்லாம் உள்ளே இருக்கும் காகிதத்தோடுதான்.

நான் இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பகுதியில் இருக்கும் ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டுகிறேன். 11 வருடம் ஆகிறது. எங்கள் டிப்போ சூப்பர்வைசர் ஆக்ராய்ட் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் 12 பேர் ஆளுக்கு 5 பவுண்டு போட்டார்கள். "நீதான் சும்மா இருக்கும்போது எதையாவது படித்துக்கொண்டிருக்கிற ஆள், நல்லதாகப் பார்த்து வாங்கு" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். மனிதருக்குத் தன் பெயரில் ஒரு பெருமை உண்டு. அதனால் குடும்பப்பெயரின் வரலாற்றைப் பழைய சுருள் மாதிரி அச்சடித்து, ஃபிரேம் போட்டு அனுப்பும் இணையக் கடை ஒன்றைப் பிடித்தேன். கடையின் பெயர் வேண்டாம். சுருள் 54.95, தபால் செலவு 6.50. இடித்த 1.45 என் பாக்கெட்டிலிருந்து போனது.

5 நாளில் வரும் என்றார்கள், 16 நாள் ஆனது. விருந்துக்கு முந்தின நாள் மாலை வந்தது. பிரித்துப் பார்த்தால், பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பெயரே தப்பு.

இந்தப் பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுவார்கள். 'கே'க்கு முன்னால் 'சி' போடும் குடும்பங்கள் உண்டு, போடாத குடும்பங்கள் உண்டு, 'கே'க்குப் பின்னால் ஒரு 'இ' சேர்ப்பவர்களும் உண்டு. கனடா நடிகர் டான் அய்க்ராய்ட் வீட்டில் அந்த 'சி' இடத்தில் 'ஒய்' உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஆளுக்கு 'சி' உண்டு. ஆர்டரில் சரியாகத்தான் அடித்திருந்தேன், ரசீதில்கூட சரியாக இருக்கிறது. சுருளில் 'சி'யைக் காணோம். கடைக்கு எழுதினேன். பழைய ஆவணங்களில் எழுத்து மாறி மாறி வருவது சகஜம், ஆகவே இதைப் பிழை என்று சொல்ல முடியாது, வேண்டுமானால் பாதி விலையில் இன்னொன்று அனுப்புகிறோம் என்று பதில் வந்தது.

பழைய ஆவணங்களைப் பற்றி அவர்கள் சொன்னது உண்மைதான். தேவாலயப் பதிவேட்டில் எழுதுபவர் காதில் விழுந்ததை எழுதினார், பெயருக்கு உரியவருக்குப் பெரும்பாலும் எழுத்தே தெரியாது. அது அந்தக் காலம். எங்கள் ஆள் சம்பளச் சீட்டில் ஓர் எழுத்து பிசகினாலும் அக்கவுன்ட்ஸ் ஆட்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

சரி, எழுத்தை விடுவோம். பெயருக்குக் கீழே ஒரு கேடயச் சின்னம்: சிவப்புப் பின்னணி, மூன்று கருவாலி (ஓக்) இலை, மேலே ஒரு கலைமான் தலை. 'ஆக்ராய்ட் குடும்பத்தின் சின்னம்' என்று எழுதியிருக்கிறது. இது சுத்த ஏமாற்று. இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அவருடைய நேர் வாரிசுகள் அதைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். லண்டனில் 1484 முதல் இந்த வேலையைப் பார்த்துவரும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், குடும்பப்பெயருக்கென்று ஒரு சின்னம் கிடையவே கிடையாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஒரே பெயர் என்பதற்காக அடுத்தவர் வீட்டுச் சின்னத்தை மாட்டிக்கொள்வது, பக்கத்து வீட்டுக்காரர் பட்டத்தை நம் சுவரில் மாட்டுவது போலத்தான்.

அதற்கும் கீழே நான்கு பத்தி வரலாறு. முதல் பத்தியில் இது பழமையான சாக்சன் குலம், அதாவது நார்மன்கள் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள் என்கிறது. மூன்றாம் பத்தியில் 1066-இல் நார்மன் படையோடு கடல் தாண்டி வந்த வீரர்கள் என்கிறது. இரண்டும் ஒரே தாளில், நடுவில் கமா அளவு வெட்கம்கூட இல்லை. யார்க்‌ஷயர் என்ற சொல் ஒரே ஒரு முறை வருகிறது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது. ஏனென்றால் இந்தப் பெயர் பிறந்த இடம் என் பஸ் போகும் பாதையில் இருக்கிறது.

ஹாலிஃபாக்ஸிலிருந்து டாட்மர்டன் வரை கால்டர் ஆற்றை ஒட்டித்தான் ஓட்டுகிறேன். வழியில் மைதம்ராய்ட் என்று ஓர் ஊர் வரும். 2015 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வெள்ளத்தில் மூழ்கியதே, அதே ஊர். அந்தப் பெயரின் வாலில் இருக்கும் 'ராய்ட்'தான் ஆக்ராய்டிலும் இருக்கிறது. காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்று அர்த்தம். மைதம்ராய்ட் என்றால் நீர்கள் கூடும் இடத்தில் திருத்திய நிலம். கிராக் ஓடை கால்டரில் வந்து விழுவது அங்கேதான். ஆக்ராய்டின் முன்பாதி 'ஆக்', அதாவது கருவாலி மரம். கருவாலிக் காட்டில் யாரோ கோடரியோடு இறங்கி ஒரு துண்டு நிலத்தைப் பண்படுத்தியிருக்கிறார்கள். ஹெப்டன் பிரிட்ஜுக்கு மேலே வாட்ஸ்வொர்த் பக்கம் அந்தப் பெயரில் ஓர் இடம் இருந்தது. பெரிய ஊரோ கோட்டையோ கிடையாது, ஒரு பண்ணை அளவுதான். குடும்பப்பெயர் அங்கிருந்து வந்தது.

'ராய்ட்' என்ற உச்சரிப்பே இந்தப் பக்கத்துக்காரர்களின் வாய் செய்த வேலை. பழைய ஆங்கிலச் சொல் 'ராட்'. மற்ற இடங்களில் 'ஓ' ஆகும் ஒலி மேற்கு யார்க்‌ஷயரில் 'ஆய்' என்று வளையும். வீட்டில் நிலக்கரி கொட்டும் இடத்தை 'கோல் ஹோல்' என்று சொல்லாமல் 'காய்ல் ஆய்ல்' என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆக்ராய்ட் என்னிடம், துடைப்பம் காய்ல் ஆய்லில் இருக்கிறது, எடுத்து வா, லவ் என்றார். (இங்கே ஆம்பளையை ஆம்பளை 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். முதல் வாரம் நான் பயந்துபோனது உண்மை.) எண்ணெய் டின்கள் வைக்கும் பக்கம் போய்த் தேடிக்கொண்டு நின்றேன். அதே வளைப்புதான் அவருடைய பெயரிலும் இருக்கிறது. வளையாத ஊர்களில் அந்தச் சொல் 'ரோட்ஸ்' என்று நின்றுவிட்டது. முதல்தர கிரிக்கெட்டில் 4,204 விக்கெட் எடுத்த வில்ஃபிரட் ரோட்ஸ் பெயருக்கும் வேர் இதுதான். இப்படிப் பார்த்தால் ரோட்ஸும் ஆக்ராய்டும் பங்காளிகள்.

ராய்ட் குடும்பம் பெரியது. ஹால்ராய்ட், ஓல்ட்ராய்ட், மர்கட்ராய்ட், பூத்ராய்ட். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முதல் பெண் சபாநாயகர் பெட்டி பூத்ராய்ட் பிறந்தது டியூஸ்பரியில், பூத்ராய்ட் என்ற இடமும் டியூஸ்பரியில்தான். எத்தனையோ நூற்றாண்டு கழிந்தும் பெயர் ஊரை விட்டு நகரவில்லை. இதில் ஒரு வரியாவது அந்தச் சுருளில் இருந்திருந்தால் 'சி' போனதைக்கூட மன்னித்திருப்பேன்.

அடுத்தது 'உலகில் உங்கள் பெயர்' என்ற வரைபடம். இதற்குத் தனியாகவே காசு வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் பளீரென்று சிவப்பு, இங்கிலாந்து கடுகளவு. எந்த ஆண்டுக் கணக்கு, எதை எண்ணினார்கள் என்று எங்கேயும் இல்லை. பெயரின் பரவலைக் காட்டும்போது தலையை மட்டும் எண்ணினால் ஒன்றும் புரியாது. லண்டனில் எந்தப் பெயரைத் தேடினாலும் ஆள் கிடைப்பார், ஏனென்றால் அங்கே எல்லாருமே இருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் பெயர் எங்கே வேர் விட்டிருக்கிறது என்று தெரியும்.

அதற்கு நல்ல கணக்கு 1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ரயில் இருந்தது, காரும் மோட்டார் பஸ்ஸும் இல்லை. மில் வேலை தேடிப் போனவர்கள் பெரும்பாலும் அடுத்த பள்ளத்தாக்கோடு நின்றுவிட்டார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே தேடக் கிடைக்கிறது. தேடினால் ஆக்ராய்ட்கள் ஹாலிஃபாக்ஸிலும் பிராட்ஃபோர்டிலும் அப்படியே அப்பிக்கொண்டு கிடக்கிறார்கள். இன்றைக்கும் அடர்த்தி அங்கேதான். எல்லா ஊர்வழிப் பெயரும் இப்படி இருக்காது. நியூட்டன், சட்டன், நார்டன் என்றெல்லாம் இங்கிலாந்தில் ஊர்கள் எக்கச்சக்கம். அந்தப் பெயர்க்காரர்களுக்கு வரைபடம் போட்டால் மை கொட்டியது மாதிரி இருக்கும். ஒரே ஓர் ஓடைக்கரையைக் காட்டும் பெயர் கிடைப்பது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தைத்தான் கடைக்காரர் உலக வரைபடத்தில் கரைத்துவிட்டார்.

இன்னொரு விஷயம். ஊர்ப்பெயர் ஒருவருக்கு ஒட்டுவது பெரும்பாலும் ஊரை விட்டு வந்த பிறகுதான். மதுரையிலேயே இருப்பவரை யாரும் மதுரைக்காரர் என்று கூப்பிடுவதில்லை. பண்ணைப் பெயர்கள் இதில் கொஞ்சம் வேறு, அங்கேயே குடியிருப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பக்கத்து ஆட்களின் பெயர் எந்த வடிவத்தில் நிலைத்தது என்று பார்க்க 1379 தலைவரிப் பட்டியல் இருக்கிறது. வெஸ்ட் ரைடிங் எனப்பட்ட யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கு அது நன்றாகவே தப்பிப் பிழைத்திருக்கிறது. சாதாரண மக்களுக்கு வரி 4 பென்ஸ். என் 54.95-ஐ நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவே வேறு ஏற்பாடு செய்தேன். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களை இணையத்தில் சும்மாவே பார்க்க விடுகிறது. மைதம்ராய்டிலிருந்து டாட்மர்டன் வரையுள்ள பகுதியை எடுத்து, நான்கு தாளில் அச்சடித்து ஒட்டினேன். ராய்ட் என்று முடியும் பண்ணைகளை எல்லாம் சிவப்பு பேனாவால் வட்டமிட்டேன். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனது. பஸ் பாதையைப் பச்சையில் இழுத்தேன். செலவு, பேனாவையும் சேர்த்து 3 பவுண்டுக்குள்.

விருந்தில் இரண்டையும் கொடுத்தேன். சுருளைக் கையில் வாங்கி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, பெயரைப் பார்த்தார். நான் மன்னிப்பு கேட்க வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்துவிட்டார். "இது முதலாளி வீட்டு எழுத்து, லவ்" என்றார்.

அவர் சொன்னது எட்வர்ட் அக்ராய்டை. 19-ஆம் நூற்றாண்டில் ஹாலிஃபாக்ஸின் பெரிய கம்பளி மில் முதலாளி, 1859-இல் யார்க்‌ஷயர் பென்னி பேங்க் ஆரம்பித்தவர், இந்த ஊர் எம்.பி.யாகவும் இருந்தவர். அவர் பெயரில் 'சி' கிடையாது. தொழிலாளர்களுக்காக அவர் கட்டிய குடியிருப்புக்கு அக்ராய்டன் என்று பெயர். ஹேலி ஹில்லில் அவருடைய சிலை நிற்கிறது, வீடு இப்போது அருங்காட்சியகம். இடத்திலிருந்து வந்த பெயர் திரும்பவும் ஓர் இடத்துக்குப் பெயராகிவிட்டது. சுருளில் இதுவும் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

"எங்கள் ஆட்கள் அந்த மில்லில் தறி ஓட்டினவர்கள். 'சி' எங்களுக்கு, பணம் அவர்களுக்கு" என்று சொல்லிவிட்டு வரைபடத்தை மேசையில் விரித்தார். பச்சைக் கோட்டில் விரலை வைத்து ஒவ்வொரு ஸ்டாப்பாக நகர்த்தினார். ஹெப்டன் பிரிட்ஜ் வந்ததும் விரல் நின்றது. ஓரிடத்தில் நான் வட்டமிடாமல் விட்ட ஒரு ராய்டைக் காட்டி, பேனா கேட்டார்.

ஐந்தில் ஒரு நட்சத்திரம், அதுவும் ஃபிரேமுக்கு. வரைபடத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். சுருள் டிப்போ கேன்டீனில் மைக்ரோவேவுக்கு மேலே தொங்குகிறது. போன வாரம் யாரோ கண்ணாடியின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு 'சி' போட்டு, அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள்.