சங்கத் தலைவரை யார் இறக்குவது? ஆல்பாவும் ஏ.பி.ஏ-வும்

நான் விமானியாக இருக்கும் அமெரிக்க நிறுவனத்தில் ரொம்ப நாள் சங்கமே கிடையாது. ஒரு வழியாக வாக்கெடுப்பு வந்தபோது கேள்வி இதுதான்: பல நிறுவனங்களின் விமானிகள் இருக்கும் ஆல்பாவில் சேர்வதா, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் ஏ.பி.ஏ போலத் தனிச் சங்கம் வைத்துக்கொள்வதா? நான் ஆல்பாவுக்குத்தான் போட்டேன். அதனால் இதில் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வயதும் வசதியும் தெரிந்த கதைதான். ஆல்பா 1931-ல் தொடங்கியது. டெல்டா, யுனைடெட், ஃபெட்எக்ஸ் எல்லாம் அதில்தான். 1963-ல் அமெரிக்கன் விமானிகள் அதிலிருந்து பிரிந்து ஏ.பி.ஏ-வை அமைத்தார்கள். வக்கீல்கள், விபத்து விசாரணை நிபுணர்கள், வாஷிங்டனில் செல்வாக்கு என்று பார்த்தால் ஆல்பாவின் கை ஓங்கியிருக்கிறது. சரி, அது போகட்டும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது, தலைமை சரியில்லை என்றால் யாரை, எப்படி இறக்குவது என்ற கேள்வி.

ஏ.பி.ஏ-வில் தலைவரை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆல்பாவில் நான் நேரடியாக வாக்களிப்பது என் தளத்தின், அதாவது நான் பணியைத் தொடங்கும் விமான நிலையத்தின், பிரதிநிதிகளுக்கு மட்டும். ஒரு நிறுவனத்தின் எல்லாத் தளப் பிரதிநிதிகளும் சேர்ந்ததுதான் மாஸ்டர் எக்ஸிகியூட்டிவ் கவுன்சில். அதன் தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊரில் கவுன்சிலர்கள் கூடி ஊராட்சி ஒன்றியத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது மாதிரி. தேசியத் தலைவரையும் எல்லா நிறுவனங்களின் பிரதிநிதிகளும் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். சங்கத் தேர்தல்களுக்கு விதி வகுக்கும் 1959-ன் அமெரிக்க லாண்ட்ரம்-கிரிஃபின் சட்டம் தேசியச் சங்கங்களுக்கு இரண்டு முறைகளையும் அனுமதிக்கிறது.

கேட்டவுடன் நேரடித் தேர்தல்தான் ஜனநாயகமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் பல ஆயிரம் பேர் வாக்களித்து உட்கார வைத்த ஒருவரை இறக்குவது லேசான வேலையா? அவரைத் தெரிந்தவர்களே குறைவு. தளப் பிரதிநிதியோ என்னோடு அதே விமானங்களை ஓட்டுகிறவர். கேப்டன்களுக்கு ஒருவர், ஃபர்ஸ்ட் ஆஃபீசர்களுக்கு, அதாவது துணை விமானிகளுக்கு, ஒருவர். கவுன்சிலில் பெயர் சொல்லி வாக்கெடுத்தால், தான் பிரதிநிதித்துவம் செய்யும் உறுப்பினர்களின் எண்ணிக்கை அளவுக்கு அவர் வாக்குக்குக் கனம் இருக்கும். எங்கள் தளப் பிரதிநிதி ஒருவர் ஷெட்யூல் விஷயத்தில் நிர்வாகத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்தார். அடுத்த வாரமே க்ரூ ரூம் காபி மெஷின் பக்கத்தில் நாலு பேர் அவரை வளைத்துக்கொண்டு, "எங்களைக் கேட்டீங்களா?" என்றார்கள். அவரைப் பதவியிலிருந்து இறக்க மனுவில் கையெழுத்து வாங்கும் பேச்சு எழுந்ததும் மனிதர் அடுத்த கூட்டத்தில் வேறு மாதிரி பேசினார். இந்தப் பயம்தான் எனக்கு வேண்டியது.

பெரிய இடங்களில் இரண்டு முறைகளும் வேலை செய்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்டில், திவால் நடவடிக்கையில் இருந்த அமெரிக்கன் நிறுவனத்தின் இறுதி ஒப்பந்தத்தை விமானிகள் நிராகரித்ததும், நேரடியாகத் தேர்வான ஏ.பி.ஏ தலைவர் டேவிட் பேட்ஸ் விலக வேண்டியிருந்தது. 2015-ல் டெல்டா விமானிகள் 65 சதவீத வாக்குகளில் ஓர் ஒப்பந்தத்தைத் தூக்கியெறிந்தபோது அங்கேயும் கவுன்சில் தலைவர் மாறினார். ஆக, ஒப்பந்தம் தோற்றால் நாற்காலி ஆடுவது எங்கும் பொது. வித்தியாசம் இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே உள்ள சாதாரண நாட்களில்தான். நேரடித் தேர்தல் முறையில் நான் இருந்து பார்த்ததில்லை. அமெரிக்கனில் ஓட்டும் நண்பர்கள் சொல்வதை வைத்துத்தான் அந்தப் பக்கம் பேசுகிறேன். அவர்களில் சிலர் தங்கள் முறையை மாற்றவே மாட்டோம் என்கிறார்கள்.

ஆல்பாவின் பெரிய ஓட்டை மேல்மட்டத்தில் இருக்கிறது. 2001-ல் டி.டபிள்யூ.ஏ விமான நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது, ஆல்பாவில் இருந்த டி.டபிள்யூ.ஏ விமானிகள் சீனியாரிட்டியை, அதாவது பணிமூப்பு வரிசையில் தங்கள் இடத்தை, பெருமளவு இழந்தார்கள். ஏ.பி.ஏ விமானிகளைத் திரும்ப இழுக்கும் ஆசையில் ஆல்பா தங்களுக்காகச் சரியாகப் போராடவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2011-ல் ஜூரி ஆல்பாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, பிறகு 5.3 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. தளப் பிரதிநிதியை மிரட்டி இதையெல்லாம் தடுக்க முடியாது. உங்கள் நிறுவனம் இன்னொன்றோடு இணையப்போகிறது என்ற பேச்சு இருந்து, அதற்காக நீங்கள் தனிச் சங்கத்துக்கு வாக்களித்தால், நான் மல்லுக்கு நிற்க மாட்டேன்.