நொய்ஷோனாவ் மர உச்சி நடைபாதை: பசங்களோட போக செம இடம்

ஜெர்மனில பவேரியன் காட்டுப் பக்கம் பசங்களோட போறவங்க இத விட்றாதீங்க. 2009ல திறந்தது, 1300 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை, தரையிலேர்ந்து 8 முதல் 25 மீட்டர் உயரத்துல மரங்களுக்கு நடுவுல போகுது, முடியுற இடத்துல முட்டை மாதிரி 44 மீட்டர் டவர். சுத்திச் சுத்தி சரிவாவே ஏறுறதால ஸ்ட்ரோலர் தள்ளிட்டே கிட்டத்தட்ட உச்சி வரைக்கும் போயிடலாம், முட்டி வலிக்கிற தாத்தா பாட்டிக்கும் ஓகே.

எனக்குப் பிடிச்சதே டவருக்குள்ள விட்டு வச்சிருக்குற பெரிய மரங்கதான். ஒவ்வொரு சுத்துக்கும் அதே மரம் வேற மாதிரி தெரியும், கீழ பாசி, நடுவுல வெறும் பட்டை, மேல போனா ஃபிர்ங்கிற ஊசியிலை மரத்துல காய் மெழுகுவத்தி கணக்கா நிமிந்து நிக்குது! ஸ்ப்ரூஸ்னு இன்னொரு ஊசியிலை மரத்துல அது கீழ பாத்து தொங்கும், ஃபிர் காய் மரத்துலயே செதில் செதிலா உதிந்து போயிடும், அதனால கீழ முழுசா கெடைக்காது, இதெல்லாம் புக்குல படிச்சா எந்தப் பையன் ஞாபகம் வச்சுப்பான் சொல்லுங்க.

வழில பட்டைவண்டு அரிச்ச ஸ்ப்ரூஸ் மரங்க காஞ்சு நிக்கறத காட்டி ஏன் வெட்டலன்னு பசங்க கேப்பாங்க, இந்தக் காடு 1970ல வந்த ஜெர்மனியோட முதல் தேசியப் பூங்கா, காட்ட அதும் போக்குல விடுறதுதான் இவங்க கொள்கை.

ஆடுற பாலம், வலை எல்லாம் இருக்கு, சின்னதுங்க அங்கேயே உக்காந்துடும். டிக்கெட், பார்க்கிங் ரெண்டும் தனித்தனி காசு. மேல காத்து பிச்சுக்கும், ஜாக்கெட் கண்டிப்பா வேணும். பக்கத்துலயே லின்க்ஸ்ங்கிற காட்டுப்பூனை, கரடி எல்லாம் இருக்குற விலங்குப் பூங்கா, அதுக்கு டிக்கெட் வாங்க வேணாம், ஃப்ரீதான்.