கதை வீரர்களின் மறையும் கவசம்: சுங்கை சிப்புட் கடையில் எதை வாங்கலாம்?

அறிவியல் புனைகதைகளில் வீரன் அணியும் கவசம், முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் படம்பிடித்து மார்பில் காட்டி ஆளை மறைத்துவிடும். வேடம் கட்டுபவர்களுக்காக அதை மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு சிறு கடை செய்து விற்கிறது. மார்புத் தகடு, இரு தோள்காப்பு, கைக்கேடயம் சேர்த்து 480 வெள்ளி (ரிங்கிட்). கேடயம் மட்டும் 120.

காசுக்குத் தகுந்த பொருள் கேடயம்தான். அசைத்தால் படம் மாறும் சாமிப் படங்களில் இருக்குமே, அந்த வரித்தாளைத்தான் பாலிகார்பனேட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கிறார்கள். வரிகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போது நிற்கும் ஆளின் உருவம் பக்கவாட்டில் சிதறிக் கரைந்துவிடும். புல்லும் வானமும் இடமிருந்து வலம் ஒரே மாதிரி இருப்பதால் சிதறினாலும் தெரியும். கேடயத்தைப் படுக்கைவாட்டில் பிடித்தால் பலிக்காது. கையை முழுக்க நீட்டிப் பிடியுங்கள். உடம்பை நெருங்க நெருங்க ஆள் தெளிவாகத் தெரிவார். பள்ளித் திடலில் அருமையாக மறைக்கிறது. செம்பனை வரிசை பின்னால் இருந்தால் மரங்களும் சேர்ந்து கரைந்து, கேடயம் மங்கலான திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

இதே தாளை மார்புத் தகட்டிலும் ஒட்டியிருப்பது வீண். தகடு கறுப்பு ஈவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற நுரைப்பொருளில் செய்தது; அதற்கும் தாளுக்கும் இடைவெளியே இல்லை. மினுக்கம் மட்டும் கிடைக்கும், எடை கூடும்.

தோள்காப்பில் சூட்டுக்கு நிறம் மாறும் சாயம். 31 டிகிரியில் கறுப்பு மறைந்து அடியிலுள்ள பச்சை தெரியும் வகை. குளிர்சாதன அறைக்குள் கையால் தொட்டால் அழகாக மாறுகிறது. நம் ஊர் நண்பகல் வெயிலோ அந்த அளவைத் தாண்டிவிடும். வெளியே போனதும் பச்சையாகி அப்படியே நின்றுவிடும். புற ஊதாக் கதிரும் இந்தச் சாயத்தைக் கெடுக்கும். மண்டப நிகழ்ச்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்பில் 60 எல்இடி. முதுகிலுள்ள நிற உணரி பின்புறத்தின் சராசரி நிறத்தைப் பிடித்து மார்பை அந்த நிறத்தில் ஒளிரவைக்கிறது. காட்சி வராது, நிறம் மட்டும்தான். இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்: தோக்கியோவில் பேராசிரியர் சுசுமு தாச்சி 2003இல் காட்டிய ‘மறையும் அங்கி’க்கே வெளியே ஒரு புரொஜெக்டர் வேண்டும், அதுவும் ஒரே இடத்திலிருந்து பார்த்தால்தான் மறையும். இங்கே உண்மையான குறை மின்சாரம். முழு வெள்ளையில் ஒரு விளக்குக்கு 60 மில்லி ஆம்பியர் வீதம் மொத்தம் 3.6 ஆம்பியர் வேண்டும். கூடத் தரும் பவர் பேங்க் கொடுப்பது 2.1. மின்னழுத்தம் இறங்கி, பட்டையின் கடைசி விளக்குகள் செம்மஞ்சளாகின்றன. விளக்குகளை இயக்கும் நிரலில் வெளிச்சத்தை 40 விழுக்காட்டுக்குக் குறைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். பகல் வெயிலில் எப்படியும் எடுபடாது. இரவு ஏழரைக்கு மேல் மிக நன்றாக இருக்கிறது.

கைவேலை நேர்த்தி. ஃபோமைச் சூடுகாட்டி மேற்பரப்பை இறுக்கிய பிறகே வண்ணம் பூசுகிறார்கள், அதனால் மடிப்பில் வெடிப்பில்லை. வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், பசை இளகி இணைப்பு பிரியும்.

ஆர்டர் கொடுக்கும்போதே வரித்தாள் இல்லாத மார்புத் தகடு, 40 விழுக்காடு வெளிச்சம், 3 ஆம்பியர் பவர் பேங்க், தனிக் கேடயம் என்று எழுதிக் கொடுங்கள். செய்து தருகிறார்கள்.