பெட்டி புதுசு, சோல் பழசு: கோல்ப் சப்பாத்து வாங்குகிறவர்கள் கவனம்

மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் "புது ஸ்டொக், இந்த மாசம்தான் வந்தது" என்று சொல்லித் தலையில் கட்டிய கோல்ப் சப்பாத்துச் சோடி, திருகோணமலைச் சீனக்குடா கோல்ப் மைதானத்தில் முதல் நாளே வாயைப் பிளந்தது. வலது காலின் குதிப்பக்கம் முதலில் கழன்றது. பிறகு நடுச்சோல் (மேல்தோலுக்கும் அடிச்சோலுக்கும் இடையிலுள்ள மெத்தைப் பகுதி) புட்டு மாதிரி உதிர்ந்து புல்லில் கொட்டியது. திருப்பிக் கொண்டுபோனபோது, "தண்ணியில நனைச்சிருப்பீங்க, நாங்க என்ன செய்யிற?" என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். பில்லில் 'சப்பாத்து 1' என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

அது ஒரு நாள் நனைந்ததால் வந்த பழுதல்ல. பல கோல்ப் சப்பாத்துகளின் நடுச்சோல் பொலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல மெல்ல உடைக்கும். வெப்பம் சேர்ந்தால் இன்னும் வேகம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஊரில், காற்றோட்டமில்லாத களஞ்சிய அறையில் வருடக்கணக்காகக் கிடந்தால், ஒருநாளும் காலில் போடாத சப்பாத்தும் உள்ளுக்குள் செத்துவிடும். மேல்தோல் மட்டும் பளபளவென்று இருக்கும். வேறு சில சப்பாத்துகளில் உள்ள ஈவிஏ என்ற நுரைக்கு இந்த வியாதி இல்லை. அது பழசானால் இறுகி, மெத்தென்ற தன்மையை இழக்கும், அவ்வளவுதான்.

கடைக்காரருக்குத் தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. சோலும் மேல்தோலும் சேரும் விளிம்பை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, மஞ்சள் படிந்த பழைய பசைக்கு மேலே புதுப் பசை ஒரு கோடாக மினுங்கியது. குதிப்பக்கம் கொஞ்சம் வழிந்தும் இருந்தது. முதலே கழன்றதை ஒட்டி விற்றிருக்கிறார்கள். பசை மட்டும் பிடிவிட்டிருந்தால் சோல் முழுத் தகடாகக் கழன்று வரும். இதில் இரண்டு பக்கமும் நுரைத் தூள்தான் ஒட்டியிருந்தது.

ஆகவே காசு கொடுக்க முன் பெருவிரல் நகத்தால் நடுச்சோலை அழுத்துங்கள். நல்ல நுரை உடனே நிமிரும். பள்ளம் அப்படியே நின்றால், பிசுபிசுத்தால், மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் சப்பாத்தை இரண்டு மூன்று தரம் நன்றாக வளைத்துப் பாருங்கள். நாக்கின் உட்பக்க லேபிளில் பல பிராண்டுகள் தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் அச்சிடுகின்றன. அதிலுள்ள மொடல் எண்ணும் பெட்டியிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தச் சோடியின் பெட்டி வேறொரு மொடலுடையது!

பிடிமானத்திலும் விளையாடியிருந்தார்கள். இடது சோலின் அடியில் புல்லைப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஆணிகளில் இரண்டு மற்றவற்றைவிட வேறு உருவம். ஃபாஸ்ட் ட்விஸ்ட், பின்ஸ் என்று பூட்டும் முறைகள் பல. ஒன்றின் ஆணி மற்றதற்குப் பொருந்தாது. வலுக்கட்டாயமாகத் திருகினால் புரி தேய்ந்து, விளையாட்டின் நடுவே கழன்று விழும். பந்தை அடிக்கும்போது உடல் முறுக்கி முன்காலில் இறங்கும். அந்த நேரம் ஆணி இல்லாத இடம் வழுக்கினால் முழங்காலுக்குத்தான் கேடு. ஆணிச் சாவி கொண்டு ஒன்றைக் கழற்றிப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். மணல் இறுகி அசையாவிட்டால், தேயும்போது மாற்றவே முடியாது. உலோக ஆணி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். புல்தரையைக் கிழிக்கும் என்று பெரும்பாலான கழகங்கள் அதை அனுமதிப்பதில்லை. ஆணியில்லாத, ரப்பர் மொட்டுள்ள சோல் காய்ந்த தரைக்கு நல்லது. மார்கழி மழையில் நனைந்த சரிவுக்கு அது போதாது, மொட்டுத் தேய்ந்தால் சப்பாத்தின் கதையும் முடிந்தது.

அளவில் நடக்கும் ஏமாற்று இன்னும் சுலபம். ஃபுட்ஜோய் பிராண்டில் ஆண்களுக்கான யூஎஸ் 9 என்பது யூகே 8. அடிடாஸில் அதே யூகே 8, யூஎஸ் 8½. யூகே 8 கேட்டால், "எட்டுத்தானே கேட்டீங்க" என்று யூஎஸ் 8ஐ எடுத்துத் தருவார்கள். லேபிளில் சென்ரிமீற்றர் இருந்தால் அதைப் பாருங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில், விளையாடும்போது போடும் மேசோடு போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 1 செ.மீ. இடம் வேண்டும், குதி எழும்பக் கூடாது. முழு ஆட்டமான 18 குழிக்கு நடை பெரும்பாலும் 8 கிலோமீற்றருக்குக் குறையாது; கடைக்குள் 'கொஞ்சம் இறுக்கம்' என்பது அங்கே கொப்புளம். நாள்முழுக்கச் செருப்போடு திரிகிற கால் முன்பக்கம் விரிந்திருக்கும், அகல அளவு கேட்பதில் வெட்கமில்லை.

"மென்பந்துக் கிரிக்கெட்டுக்கும் இதுவே காணும்" என்று இளைஞர்களுக்கு விற்பதும் நடக்கிறது. காணாது. ஓடிவந்து பந்து வீசி இறங்கும் வேகத்துக்குச் செய்த சப்பாத்தல்ல இது.

பில்லில் பிராண்ட், மொடல் எண், அளவு, 'புதியது' என்ற சொல் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாட்டை, வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அது முடியும்வரை சப்பாத்தை ஒட்டக் கொடுக்காதீர்கள். ஒட்டியும் பயனில்லை: பசை பிடிக்க உறுதியான மேற்பரப்பு வேண்டும், தூளில் அது பிடிக்காது.