மாமாவின் வார்டில் நகராத நாற்காலிகள்

இந்த முறை சிங்கப்பூர் வந்தபோது சாங்கி விமான நிலையம், குடிநுழைவு, தேக்கா சாப்பாடு எல்லாம் எப்போதும்போல நன்றாகவே போனது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மெல்பர்ன் திரும்பிய பிறகும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது ஒரு நாற்காலிதான்.

என் தாய்மாமாவுக்குப் பல வருடங்களாக இருமுனைக் கோளாறு, அதாவது மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற நோய். நான் வந்த சமயம் அவர் ஒரு மருத்துவமனையின் மனநல வார்டில் இருந்தார். பெயர் வேண்டாம், எல்லோரும் உடனே நினைக்கிற புவாங்கோக் மனநலக் கழகம் இல்லை. எவர்சில்வர் தூக்கு கூடாது, நாடா வைத்த கால்சட்டை கூடாது, சார்ஜர் ஒயர் கூடாது என்பதெல்லாம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமே இல்லை, உயிரைக் காக்கிற விதிகள் அவை. ரசம் சாதத்தை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

பொது அறையில் நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். எல்லாம் வரிசையாக, தொலைக்காட்சியைப் பார்த்தபடி. மாமா வலது ஓரத்துச் சுவரோர இருக்கையை விட்டு நகர மாட்டார். அந்த இடத்தில்தான் அவருக்குப் பயமில்லை. அதனால் நான் அவருக்கு இடப்பக்கம்தான் உட்கார முடிந்தது. அவருக்கு இடது காது கேட்காது. தொலைக்காட்சிச் சத்தம் வேறு. உடம்பைத் திருப்பித் திருப்பிக் கத்திப் பார்த்தேன். சரி என்று அவர் முன்னால் தரையில் குந்தினேன். தாதி ஓடி வந்து, நடைவழியை மறைக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாமா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏன் பாப்பா, என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறே? மாமா மேல கோபமா?"

இத்தனை தூரம் பறந்து வந்தது அந்த முகத்தைப் பார்க்கத்தான்.

மெல்பர்னில் உடன் வேலை செய்யும் ஒருவரை இப்படியொரு வார்டில் போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் நாற்காலியைத் தூக்கி எறிய முடியாது, அடியில் அவ்வளவு கனம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் நகரும். ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்து பேசினோம். ஆபத்தையும் தடுத்தாகிவிட்டது, மனுஷனையும் மனுஷனாக உட்கார வைத்தாகிவிட்டது.

இது சும்மா சொகுசுப் பேச்சு இல்லை. ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 1984லேயே ஒன்றைக் காட்டினார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. பிறகு அவரும் சகாக்களும் சுவீடனின் கோதென்பர்க்கில் புதிதாகக் கட்டிய மனநல மருத்துவமனையை ஆராய்ந்து 2018ல் எழுதினார்கள். தனி அறை, தோட்டம், வெளிச்சம், குறைந்த சத்தம், அப்புறம் நகர்த்தக்கூடிய இருக்கைகள்! கட்டிப்போட வேண்டிவந்த நோயாளிகளை, ஆளுக்கு எத்தனை முறை கட்டினார்கள் என்ற சராசரி பழைய கட்டடத்தில் இருந்ததில் பாதியாகிவிட்டது. நெருக்கமும் இரைச்சலும் குறைந்தால் ஆத்திரமும் குறைகிறது. தான் எங்கே, யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்பதை நோயாளியே முடிவு செய்ய முடிகிறபோது அவருக்குள் கொஞ்சம் அமைதி வருகிறது.

நம் ஊருக்கு இது தெரியாததும் இல்லை. யீஷூனில் 2010ல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனையைப் பாருங்கள். குளத்தங்கரையில், மாடிக்கு மாடி செடிகொடிகளோடு நிற்கிறது. கால் முறிந்தவருக்கு அவ்வளவு பச்சையைக் கொடுக்கத் தெரிந்த ஊர், மனம் முறிந்தவருக்கும் கொடுக்கலாம் இல்லையா?

சின்ன வயதில் குறும்பு செய்தால் "வுட்பிரிட்ஜ்ல விட்டுருவேன்" என்று மிரட்டுவார்கள். இயோ சூ காங்கில் 1928ல் திறந்த அந்த மருத்துவமனை 1993ல் புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகம் ஆனது. ஆனாலும் மிரட்டலில் பழைய பேர்தான் இருந்தது. என்னை அப்படி ஒருநாளும் மிரட்டாதவர் மாமா ஒருவர்தான். பேருந்தில் அந்த வழியாகப் போகும்போது, "உள்ள இருக்கறவங்களும் நம்மள மாதிரிதான் பாப்பா" என்பார்.

மனநலக் கழகத்திலும் புதுப்பிக்கப்படும் அலெக்சாண்ட்ரா மருத்துவமனையிலும் மனநலச் சிகிச்சைக்கு இடம் கூட்டப்போவதாக 2024ல் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். நல்ல செய்தி. அந்த வார்டுகளை வரைகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரைபடத்தை முடிப்பதற்கு முன்னால் ஒரு மாதிரி அறை கட்டுங்கள். அங்கே சிகிச்சை பெற்றுத் தேறியவர்களையும், பார்க்க வருகிற குடும்பத்தாரையும், அந்தத் தாதியைப் போன்றவர்களையும் உட்கார வையுங்கள். எங்கே உட்கார்ந்தால் பயம் இல்லை, யாருடைய எந்தக் காது கேட்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். நாற்காலியை எங்கே வைப்பது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.