பரிசோதனை செய்தும் ஏமாந்தோம்: வீடு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு வீடு வாங்கவில்லை. ஆள் வைத்து முழுதாகப் பரிசோதித்துத்தான் வாங்கினோம். கோட்டை விட்டது அதற்கு அப்புறம்.

குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், முழங்கால் உயரம் வரை பெயின்ட் உப்பியிருந்தது. தடவினால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது. சுவருக்குள் ஊறும் தண்ணீர் காயும்போது விட்டுப்போகிற உப்பு அது. பரிசோதகர் ஈரம் அளக்கும் கருவியை வைத்துக் காட்டினார். "பிளம்பரை வைத்துத் தனியாகப் பார்க்கவும்" என்று அறிக்கையிலும் எழுதினார். எல்லா அறிக்கையிலும் இருக்கிற வரிதானே என்று விட்டுவிட்டோம். சுவருக்குள் இருப்பது தன் பார்வைக்கு எட்டவில்லை என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

விற்றவர், "நானே சரிசெய்து தருகிறேன்" என்றார். தரகர், "சின்ன விஷயம்" என்றார். மறுபடி போனபோது சுவர் பளிச்சென்று இருந்தது, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். குடிபோன மூன்றாம் மாதம் அதே இடம் உப்பியது. டைல்ஸை உடைத்துப் பார்த்தால் குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருக்கிறது. பட்டி பூசிப் பெயின்ட் அடித்ததைத் தவிர ஒரு வேலையும் நடக்கவில்லை. விற்றவரைக் கேட்டதற்கு, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்கிறார். எங்களிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை.

தயவுசெய்து பழுதை விற்பவர் கையில் விடாதீர்கள். கிளம்புகிறவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் போதும். செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள், வேலையை உங்கள் ஆளை வைத்துச் செய்துகொள்ளுங்கள். அவரேதான் செய்வார் என்றால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். "சுவரைச் சரிசெய்தல்" என்று எழுதினால் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். "கசியும் இணைப்பை மாற்றுதல்" என்று, தேதியோடு இருக்க வேண்டும். ரசீது கேளுங்கள், சுவரை மூடும் முன் படம் கேளுங்கள். அதே பரிசோதகர் மறுபடி வந்து பார்க்கும்வரை பாக்கிப் பணத்தைத் தராதீர்கள்.

ஆட்சேபம் சொல்ல ஒப்பந்தத்தில் கெடு இருக்கிறதா என்று அறிக்கை வந்த அன்றே பாருங்கள். கதவுக் கீறலுக்கெல்லாம் மல்லுக்கட்ட வேண்டாம். கூரை, அஸ்திவாரம், வயரிங், தண்ணீர், கரையான் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மறுத்தால் விலகிவிடுங்கள்.

இப்போது அந்தச் சுவரைக் கொத்திப் போட்டிருக்கிறோம். நன்றாகக் காயாமல் பூச முடியாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கூடத்தில் படுக்கிறார்கள்.