நூறு டாலருக்கு வாங்கிய சண்டையும் மேவெதரின் இடமும்

2015 மே 2, சனிக்கிழமை இரவு. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு ஹாலில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். குத்துச்சண்டை வீரர்கள் ஃபிளாய்ட் மேவெதரும் மேனி பாக்கியாவும் மோதுவதை எச்டி-யில் பார்க்க 99 டாலர் 95 சென்ட் கேட்டார்கள். ஒரு சண்டையை வீட்டில் உட்கார்ந்து பார்க்க அதுவரை யாரும் அவ்வளவு கேட்டதில்லை. ஆளுக்குப் பன்னிரண்டரை டாலர் போட்டு வாங்கினோம். என் மச்சான் இதற்காகவே பிலடெல்பியாவிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நாடு முழுக்க ஆர்டர்கள் குவிந்து கேபிள்காரர்கள் திணறியதில் சண்டை தள்ளிப்போய், நள்ளிரவுக்குத்தான் இருவரும் மேடைக்கு வந்தார்கள். பன்னிரண்டு ரவுண்டும் முடிந்தது, ஒருவர்கூடக் கீழே விழவில்லை. “இதுக்குத்தான் நூறு டாலரா மாப்ள?” என்று மச்சான் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே விமர்சனம் எழுத உட்கார்ந்திருந்தால் ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருப்பேன்.

போன மாதம் அதே சண்டையை மறுபடி பார்த்தேன். ஒரு தடவை சாதாரணமாக, ஒரு தடவை வர்ணனையாளர்களின் சத்தத்தை அணைத்துவிட்டு, அப்புறம் நாலாவது ரவுண்டை மட்டும் நிறுத்தி நிறுத்தி. இப்போது எங்களுக்கு விற்ற அந்த ஒளிபரப்புச் சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், மேவெதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் அன்றைக்கு நாங்கள் செய்த தவறு.

முதலில் சரக்கு. அமெரிக்காவில் மட்டும் சுமார் 46 லட்சம் வீடுகளில் வாங்கினார்கள், 40 கோடி டாலருக்கு மேல் வசூல். எங்களுக்கு விற்றது “நூற்றாண்டின் சண்டை” என்ற பெயரில். அந்தச் சண்டை நடந்திருக்க வேண்டிய காலம் 2010. 2009 கடைசியிலேயே பேச்சு தொடங்கி, ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனையை எப்படி, எப்போது செய்வது என்பதில் முட்டிக்கொண்டு முறிந்துபோனது. அப்போது பாக்கியாவ் புயல் மாதிரி இருந்தார். 2012 டிசம்பரில் ஹுவான் மானுவல் மார்க்கெஸின் ஒரே வலது கைக் குத்தில் ஆறாவது ரவுண்டில் முகம் குப்புற விழுந்தவரும் அவரேதான். 2015-இல் மேவெதருக்கு 38 வயது, பாக்கியாவுக்கு 36. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அதைத்தான் நூறு டாலருக்கு வாங்கிக் குடித்தோம். இது போதாதென்று பயிற்சியிலேயே தன் வலது தோளில் அடிபட்டிருந்ததாகச் சண்டை முடிந்த பிறகு பாக்கியாவ் சொன்னார். சில நாளில் தோளுக்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. மறைத்து விற்றுவிட்டார்கள் என்று ரசிகர்கள் பல ஊர்களில் வழக்குப் போட்டார்கள். விதிப்படி முழு நீளச் சண்டை நடந்தது, காசு கொடுத்தவர்களுக்கு அதற்கான பொருள் கிடைத்துவிட்டது என்று 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்து வைத்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஐந்து வருடம் தாமதமாக வந்ததைப் புதுச் சரக்கின் விலைக்கு விற்றதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

சரி, இப்போது அந்த நாலாவது ரவுண்டு. பாதியில் பாக்கியாவின் இடது கை நேராகப் போய் மேவெதரைப் பிடிக்கிறது. மேவெதர் பின்வாங்கிக் கயிற்றில் சாய்கிறார். எங்கள் ஹாலில் எட்டுப் பேரும் எழுந்து நின்று கத்திய இடம் அது. பாக்கியாவ் இரண்டு கையாலும் பொழிகிறார். அன்றைக்கு நாங்கள் பார்த்தது அவ்வளவுதான். நிறுத்திப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. முதல் குத்து உறைத்திருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்து வந்தவற்றில் பெரும்பாலானவை க்ளவுஸிலும் முழங்கையிலும் போய் மோதுகின்றன. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கின்றன, முகவாய் உள்ளே போய்விட்டது, கண்கள் மட்டும் இரண்டு க்ளவுஸுக்கு நடுவே திறந்தே இருக்கின்றன. அடி விழும்போது கண்ணை மூடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒரு தடவையாவது க்ளவுஸ் மாட்டி நின்றவர்களுக்குத் தெரியும். பொழிவு ஓய்ந்ததும் “ஒன்றும் ஆகவில்லை” என்று தலையை ஆட்டிவிட்டு விலகிப் போகிறார். அந்த இரவு முழுக்க பாக்கியாவ் 429 குத்து விட்டு 81 தான் பட்டது என்று குத்து எண்ணுகிறவர்களின் கணக்கு சொல்கிறது. மேவெதர் விட்டது 435, பட்டது 148. நடுவர்களில் ஒருவர் 118-110 என்றும் மற்ற இருவர் 116-112 என்றும் புள்ளி போட்டு மேவெதருக்கே வெற்றி என்று தீர்ப்புச் சொன்னார்கள். எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற மனிதரை, அடிக்கவே இடம் கொடுக்காமல், சலித்துப்போகிற அளவுக்கு அடக்கி வைத்த வேலை அது. எங்களுக்கு அலுப்பாக இருந்ததற்குக் காரணமே அவருடைய திறமைதான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஆனால் எக்காலத்துக்குமான மாவீரர்கள் வரிசையில் அவரை வைப்பதற்கு இந்தச் சண்டை ஒன்றே சாட்சி என்றால் நான் ஏற்கமாட்டேன். மற்ற சாட்சிகள் வேறு இடத்தில் இருக்கின்றன. 2001 ஜனவரியில் டியகோ கொராலெஸ், அதுவரை தோல்வியே இல்லாதவர், மேவெதரைவிட உயரம், கையில் நல்ல பலம். அவரை ஐந்து முறை தரையில் விழவைத்தார் மேவெதர், பத்தாவது ரவுண்டில் கொராலெஸின் மூலையில் நின்ற அவர் தரப்பினரே நிறுத்தச் சொன்னார்கள். கையை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர் என்று இன்றைக்குப் பேசுகிறவர்கள் அதைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். 2002-இல் மெக்சிகோவின் ஹோசே லூயிஸ் காஸ்டிலோவோடு நடந்த முதல் சண்டையில் மேவெதர் தோற்றிருக்க வேண்டும் என்பவர்கள் நிறையப் பேர், எனக்கும் அதே கருத்துதான். ஆனால் அதே வருடக் கடைசியில் அவரை மறுபடி எதிர்கொண்டு ஜெயித்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் 2010 மே மாதம் ஷேன் மோஸ்லியோடு நடந்த இரண்டாவது ரவுண்டுதான் முக்கியமான சாட்சி. மோஸ்லியின் வலது கை பட்டு மேவெதரின் முழங்கால் மடங்குகிறது. அவர் மோஸ்லியின் கையைப் பிடித்துத் தொங்காத குறையாக நிற்கிறார். அந்த நிலையில் பலர் மீதி இரவு முழுக்க ஓடித் தப்பிக்கப் பார்ப்பார்கள். மூன்றாவது ரவுண்டில் மேவெதர் முன்னால் நடந்து வருகிறார். அடிக்க வந்தவரைப் பின்னால் நடக்க வைத்து மீதி ரவுண்டுகளை ஏறக்குறைய மொத்தமாக எடுத்துக்கொண்டார். பயந்தவனால் அதைச் செய்ய முடியாது. 2013-இல் கனேலோ அல்வாரெஸை ஜெயித்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். 23 வயதுப் பையன், எடையைக் குறைக்க வைத்துத்தான் கூப்பிட்டார்கள் என்ற குறை உண்மைதான். ஆனால் அந்தப் பையன் பின்னால் எவ்வளவு பெரிய ஆளானான் என்று பார்த்தால் அந்த வெற்றியின் மதிப்பு வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டுதான் போகிறது.

ஐந்து எடைப் பிரிவுகளில் பட்டம். கடைசியாக அவரைத் தோற்கடித்தது 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அரையிறுதியில் பல்கேரியாவின் செராஃபிம் டோடோரோவ், அந்த முடிவே சர்ச்சைக்குரியது. ஆகவே மாவீரர் வரிசையில் அவருக்கு இடம் உண்டு, இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

“எல்லாரிலும் சிறந்தவன்” என்று தொப்பியில் எழுத்துப் பொறித்துக்கொண்டு, ராபின்சனையும் அலியையும்விட நானே மேல் என்று அவர் சொல்லும்போதுதான் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. சுகர் ரே ராபின்சன் 1943 பிப்ரவரி 5-ஆம் தேதி ஜேக் லமோட்டாவிடம் முதன்முதலாகத் தோற்றார். அதே மாதம் 26-ஆம் தேதி அதே லமோட்டாவை எதிர்த்து நின்று ஜெயித்தார். மூன்றே வாரம்! மொத்தம் ஆறு முறை மோதி ஐந்தில் வென்றார். அலி 1971-இல் ஃப்ரேசியரிடம் விழுந்து தோற்று, பிறகு அவரையே இரண்டு முறை வென்றார், நடுவில் 1974-இல் கின்ஷாசாவில் ஃபோர்மனையும் சாய்த்தார். அவர்கள் ஆபத்தை அதன் உச்சத்தில் தேடிப் போனார்கள். மேவெதருக்குத் தோல்விக் கட்டத்தில் இருந்த பூஜ்யம் ஒரு வியாபாரச் சரக்காகிவிட்டது. அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் வந்தபின், யாரோடு என்பதைவிட எப்போது என்பது பெரிய கேள்வியாகிப்போனது. 2010-இல் பாக்கியாவோடு இறங்கியிருந்தால், தோற்றிருந்தால்கூட, என் கணக்கில் இன்னும் உயரத்தில் இருந்திருப்பார். 50-0, அதாவது ஐம்பது வெற்றி, தோல்வியே இல்லை என்பதில் ஐம்பதாவது ஆள் கலப்புச் சண்டைக்காரரான கானர் மெக்ரெகர், அதற்கு முன் ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டைகூட ஆடாதவர். ஒருமுறைகூடத் தோற்காமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவின் 49 வெற்றியைத் தாண்டியதாக அதை எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தன் பிள்ளைகளின் தாயை அடித்த வழக்கில் 2012-இல் இரண்டு மாதம் சிறையில் இருந்தவர் இவர். மேலே நான் சொன்ன பாராட்டு அத்தனையும் மேடைக்குள் நடந்ததற்கு மட்டும்தான், அந்த மனிதருக்கு அல்ல.

அந்த ஒளிபரப்புக்கு, கொடுத்த விலையை வைத்து, இன்றைக்கும் இரண்டு நட்சத்திரம்தான். விலையை மறந்துவிட்டுச் சண்டையாகப் பார்த்தால் மூன்றரை. புதிதாகப் பார்க்கிறவர்கள் நேராக இதற்கு வர வேண்டாம். முதலில் கொராலெஸ், அப்புறம் காஸ்டிலோவின் இரண்டும் அடுத்தடுத்து, அப்புறம் மோஸ்லி, கடைசியில் பாக்கியாவ், அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு, கையைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு. மெக்ரெகர் சண்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.